கலைந்ததும் கலைத்ததும்

காவிரியின் கடைமடைப் பகுதியில் ஒரு கிராமம். நடவு முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் மகளிர் குழுக் கூட்டம். அந்த வட்டாரத்துச் சமுதாய வானொலியில் நிகழ்ச்சி நடத்தும் இளம்பெண் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்திருந்தார். நானும் உடன் போயிருந்தேன். 'தாய்மார் நலம்' என்று பொதுவாக ஒரு தலைப்பு. நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் தன் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். "மூத்தவன் பையன், அடுத்தது பொண்ணு. மூணாவது கலைஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் ஆபரேசன் பண்ணிக்கிட்டேன்." அந்த மூன்றாவதில் அவர் குரல் தங்கவில்லை. அப்படியே கடந்து போய்விட்டார்.

பதிவு முடிந்து கருவியின் சிவப்பு விளக்கு அணைந்தது. தேநீர் வந்தது. டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டே அதே அம்மாள் தணிந்த குரலில் சொன்னார்: "அது தானா கலையல பாப்பா. நான்தான் கலைச்சேன்."

கலைந்தது, கலைத்தேன். பள்ளியில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்த பாடம். மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறும்போது செயல் ஒருவருடையதாகிவிடுகிறது. ஒரு பெண் இருபது ஆண்டுகளாக மெல்லெழுத்துக்குள் ஒளித்து வைத்திருந்த செய்தி அது. அவர் சொல்லி முடித்ததும் திண்ணையில் அமைதி நிலவும் என்று எதிர்பார்த்தேன். மாறாக, எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். என் நாத்தனாருக்கு, எங்க சித்தி மகளுக்கு, பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணுக்கு என்று ஆளுக்கொரு கதை. பிறகு கேள்விகள் வந்தன. புருசன் கையெழுத்துப் போட்டால்தான் ஆஸ்பத்திரியில் செய்வார்களா? போலீஸ் கேஸ் ஆகுமா? கல்யாணமாகாத பெண் போனால் என்ன செய்வார்கள்? எத்தனை மாதம் வரை செய்யலாம்?

இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் விடை இருக்கிறது. மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டு, 1972 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய ஒப்புதல் மட்டும் போதும். கணவரோ, மாமியாரோ, அப்பாவோ கையெழுத்திட வேண்டும் என்று சட்டத்தின் எந்த மூலையிலும் இல்லை. 18 வயதுக்குக் குறைந்தவருக்கும் மனநோயால் பாதிக்கப்பட்டவருக்கும் பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். 2021இல் வந்த திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, பாலியல் வன்முறைக்கு ஆளானோர், சிறுமியர், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தோர் அல்லது மணமுறிவு பெற்றோர், மாற்றுத்திறனாளிகள் போன்ற சில பிரிவினருக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு செய்யலாம். கருத்தடை முறை பலிக்காமல் போனால் என்ற பிரிவில் முன்பு 'மணமான பெண்' என்று இருந்தது. திருத்தத்துக்குப் பிறகு 'பெண் அல்லது அவருடைய இணையர்' என்று ஆயிற்று. மறு ஆண்டு, 2022 செப்டம்பர் 29 அன்று, 24 வாரம் வரையிலான அந்த வாய்ப்பிலிருந்து மணமாகாத பெண்ணை விலக்கிவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பெண் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும் உரிமையாக நம் சட்டம் இதை எழுதவில்லை. உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கேடு என்று மருத்துவர் கருத வேண்டும். அந்த மருத்துவரின் மனப்போக்கைப் பொறுத்துத்தான் பெண்ணின் வழி திறக்கிறது, அடைபடுகிறது. கணவர் வந்தால்தான் பார்ப்போம் என்பதும், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசனுக்கும் சேர்த்துச் சம்மதித்தால்தான் செய்வோம் என்பதும் சட்டத்தில் இல்லாத நிபந்தனைகள். அன்று திண்ணையில் இருந்தவர்களில் பலர் அதையே சட்டம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

சட்டம் பற்றிய இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் நம் எல்லோர் கண்ணெதிரிலும் தொங்குகிறது. எந்த ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்தாலும் சுவரில் அந்தப் பலகை இருக்கும்: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வது தண்டனைக்குரிய குற்றம். 1994ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கிய பலகை அது. உசிலம்பட்டியில் பெண் சிசுக்கொலை நடப்பதை 1980களில் நாடே அறிந்தது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. அந்த வரலாறு உள்ள மாநிலத்துக்கு அந்தப் பலகை தேவைதான். இன்னும் பல காலத்துக்குத் தேவைப்படும். ஆனால் அதைப் படிக்கும் சாதாரண மனுஷி 'கருவைக் கலைப்பதே குற்றம்' என்று மனத்தில் எழுதிக்கொண்டு வெளியே வருகிறாள். பாலினம் பார்ப்பது ஒரு சட்டம், கருக்கலைப்பு வேறொரு சட்டம் என்று பிரித்துச் சொல்லும் இரண்டாவது பலகையை நாம் எங்கும் மாட்டவில்லை. குற்றத்துக்கு விளம்பரம் உண்டு, அனுமதிக்கு விளம்பரம் இல்லை.

அறியாமையின் விலையை உடம்புதான் கட்டுகிறது. இந்தியாவில் 2015ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1.56 கோடி கருக்கலைப்புகள் நடந்ததாக 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் நூற்றுக்கு 73, மருத்துவமனைக்கு வெளியே மாத்திரை மூலம் நடந்தவை. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றும் கருக்கலைப்புகளில் கால் பங்குக்கு மேல் பெண்கள் தாங்களே வீட்டில் செய்துகொண்டவை என்கிறது. மாத்திரை கெட்டதல்ல, உரிய வாரத்துக்குள், உரிய அளவில், உரிய கண்காணிப்போடு எடுத்தால் பாதுகாப்பான வழி என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட ஒன்று. மருத்துவரின் சீட்டோடு 9 வாரம் வரை தர நம் விதிகளும் இடம் தருகின்றன. சிக்கல், அந்த 9 வாரத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதிலேயே தொடங்குகிறது. நாள் தள்ளிப்போன தேதியிலிருந்து எண்ணுகிறாள் பெண். மருத்துவரோ கடைசியாகத் தலைக்குக் குளித்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார். 'பத்து நாள்தான் தள்ளிப்போயிருக்கிறது' என்று அவள் நினைக்கும்போது மருத்துவக் கணக்கில் ஐந்து வாரம் தாண்டிவிட்டது. இந்த ஒரு கணக்கை வானொலியில் இரண்டு நிமிடத்தில், நாட்காட்டித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் சொல்லிவிடலாம்.

அதேபோல் இன்னொரு செய்தி. ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் முழுக்க நனைந்து, அப்படியே இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் அது வழக்கமான போக்கு இல்லை. உடனே 108ஐ அழைக்க வேண்டும். காய்ச்சல், துர்நாற்றம், ஒரு பக்கமாகப் பிடுங்கும் வயிற்றுவலி, தோள்பட்டை வலி, மயக்கம், இவையும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். கரு கருப்பையில் தங்காமல் குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை வேலை செய்யாது. குழாய் வெடித்து உயிரே போகலாம். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. அந்த உடம்பில் ஒரு லிட்டர் ரத்தம் போவது என்ன செய்யும் என்பது எந்தக் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் தெரியும். "யாருக்கும் தெரியக் கூடாது" என்ற பயத்தில் விடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும் பெண்ணுக்குத்தான் தெரியாது.

இதைச் சொல்ல வானொலி எதற்கு, யூடியூபில் இல்லாததா என்று கேட்பார்கள். யூடியூபில் எல்லாம் இருக்கிறது; எது உண்மை என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. சமுதாய வானொலி வேறு வகை. அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து பிறந்த பிள்ளை அது. 2004இல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் அண்ணா எஃப்எம் ஒலிக்கத் தொடங்கியது. 2006க்குப் பிறகு தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் கிடைக்க வழி பிறந்தது. நூறு வாட் திறன், பத்துக் கிலோமீட்டரையொட்டிய எல்லை. உள்ளூர்ப் பேச்சு, உள்ளூர் ஆட்கள், பாதி நிகழ்ச்சியாவது அந்தச் சமூகமே பங்கேற்றுத் தயாரித்ததாக இருக்க வேண்டும் என்ற விதி. இன்று தெலங்கானாவில் இருக்கும் மாச்சனூரில் 2008இல் தலித் பெண்களே நடத்தத் தொடங்கிய 'சங்கம் ரேடியோ' விதையும் மண்ணும் பற்றித் தங்கள் பேச்சுவழக்கிலேயே பேசியது. பாம்பனில் 2016இல் தொடங்கிய 'கடல் ஓசை' மீனவர்களோடு கடலைப் பற்றிப் பேசுகிறது. கடலில் காற்று எப்படி என்று எந்தக் குரல் சொன்னால் ஒருவர் நம்பிப் படகை எடுக்கிறாரோ, அந்தக் குரல் சொல்லும் வேறு செய்தியையும் அவர் வீடு நம்பும். இந்த நம்பிக்கை எந்தத் தொலைக்காட்சிக்கும் கிடையாது. ஹரியானாவில் 'குர்கான் கி ஆவாஸ்' என்ற நிலையம், ஆலைத் தொழிலாளர்கள் நெருங்கிக் குடியிருக்கும் பகுதியில், உடலையும் உறவையும் பாலியல் நலனையும் பேசுவதற்கென்றே ஒரு நிகழ்ச்சி நடத்தியது. வானம் இடிந்து விழவில்லை.

உரிம விதிகளும் குறுக்கே நிற்கவில்லை. செய்தி ஒலிபரப்பத்தான் சமுதாய வானொலிக்குக் கட்டுப்பாடு. உடல்நலம், கல்வி, சமூக நலம் ஆகியவற்றைப் பேசுவதற்காகவே அந்த உரிமம் தரப்படுகிறது. தயக்கம் நிலையங்களுக்குள்தான் இருக்கிறது. நம் மாநிலத்தில் பல நிலையங்கள் கல்லூரி வளாகங்களில் இயங்குகின்றன. ரத்தசோகை பேசுவார்கள், தாய்ப்பால் வாரம் கொண்டாடுவார்கள். கருக்கலைப்பு என்ற சொல் வந்ததும் 'பெற்றோர் என்ன சொல்வார்களோ, நிர்வாகம் என்ன சொல்லுமோ' என்று பதிவை நிறுத்திவிடுவார்கள். அவர்களைக் குறைசொல்லி ஆவதில்லை. முதலில் பேசுகிறவர் மீதுதான் கல் விழும் என்பது அவர்களுக்குத் தெரியும். பத்து நிலையங்கள் ஒரே வாரத்தில் சேர்ந்து பேசினால் கல் எறிய எத்தனை கை இருக்கும்?

ஆனால் சமுதாய வானொலியின் பலமே அதன் ஆபத்தும்கூட. பத்துக் கிலோமீட்டருக்குள் குரல் என்பது முகம். பெயரை மாற்றிச் சொல்லலாம். இருமலை, இழுத்துப் பேசும் பாணியை எப்படி மாற்றுவது? 'நடுத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரி' என்றால் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும். கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரையும் விவரத்தையும் மருத்துவர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை என்று 2021ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. வானொலிக்காரருக்கு அப்படி ஒரு பிரிவு எழுதப்படவில்லை. அதனால் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டும். சொந்தக் கதையைச் சொந்தக் குரலில் ஒலிபரப்பக் கூடாது. வேறு ஊர்ப் பெண் ஒருவர் படிக்கலாம். நேரலையில் இந்தத் தலைப்புக்குத் தொலைபேசி அழைப்பு எடுக்கக் கூடாது. கேள்விகளை முன்னதாக வாங்கி, தொகுத்துப் பதில் சொல்லலாம். ஒலிபரப்பான நிகழ்ச்சியை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது உரிம விதி. தொகுப்பதற்கு முந்தைய மூலப் பதிவுக்கு அந்த விதி பொருந்தாது. அதை அன்றே அழித்துவிட வேண்டும். சம்மதம் கொடுத்த பெண் ஒலிபரப்புக்கு முதல் நாள் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும்.

காசு வாங்கும் இடத்திலும் எச்சரிக்கை வேண்டும். கருவைக் கலைக்க மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரங்கள் தடைச் சட்டம் விலக்கியிருக்கிறது. தகவல் சொல்வது வேறு, சரக்கு விற்பது வேறு. இந்த நிகழ்ச்சிக்கு எந்த மருத்துவமனையும் மருந்துக்கடையும் விளம்பரதாரராக வரக் கூடாது. மாத்திரையின் பெயரையும் அளவையும் ஒலிபரப்பில் சொல்வதும் வானொலியின் வேலை இல்லை. அரசு மருத்துவமனைக்கு எப்படிப் போவது, அங்கே என்ன கேட்பார்கள், எது கேட்கக் கூடாதது, சந்தேகம் என்றால் 104 என்ற எண், வன்முறை என்றால் 181. இவ்வளவு போதும்.

இனப்பெருக்க நீதி என்ற சொல் 1994இல் சிகாகோவில் கூடிய கறுப்பினப் பெண்கள் உண்டாக்கியது. பிள்ளை வேண்டாம் என்று சொல்லும் உரிமை, வேண்டும் என்று சொல்லும் உரிமை, பெற்ற பிள்ளையைப் பாதுகாப்பான சூழலில் வளர்க்கும் உரிமை. மூன்றும் சேர்ந்தால்தான் நீதி என்றார்கள். சொல் புதிது, கருத்து நமக்கு அந்நியமில்லை. நாட்டின் வறுமை தீர, தாயின் உடல்நலம் காக்க என்று மற்றவர்கள் கர்ப்பத்தடையை ஆதரித்த காலத்தில், பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று வாதிட்டவர் பெரியார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் அதற்கென்று ஓர் அத்தியாயமே உண்டு.

இந்த நீதி இரண்டு பக்கமும் காக்கும் என்பதற்கு 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சண்டிகர் வழக்கு சாட்சி. அரசு இல்லத்தில் இருந்த, லேசான அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள, பெற்றோரற்ற இளம்பெண் பாலியல் வன்முறையால் கருவுற்றிருந்தார். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பெண்ணோ குழந்தை வேண்டும் என்றார். அவர் விருப்பத்தை மீறக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். பெறுவதும் பெறாமலிருப்பதும் பெண்ணின் தனிமனிதச் சுதந்திரத்தின் பகுதி என்று எழுதியது. கருக்கலைப்பை மனசாட்சிப்படி ஏற்காதவர்கள் இந்த வழக்கை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். வேண்டாம் என்றவளைக் காக்கும் அதே சட்டக் கூரைதான் வேண்டும் என்றவளையும் காத்தது.

அவர்களையும் சேர்த்துத்தான் இங்கே அழைக்கிறேன். மத நம்பிக்கையால் கருக்கலைப்பைத் தவறென்று கருதுவோர் நம் தெருவில், நம் வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் கருத்தை விட வேண்டியதில்லை. மூன்றில் மட்டும் நாம் ஒன்றுபட முடியும். எந்தப் பெண்ணும் ரத்தம் போய்ச் சாகக் கூடாது. நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். எந்தப் பெண்ணையும் கலைக்கச் சொல்லியும், கலைக்காதே என்றும், ஆபரேசன் செய்துகொள் என்றும் மிரட்டக் கூடாது. இதற்கு மேல் விவாதிக்க ஆயிரம் உண்டு, விவாதிப்போம். இந்த மூன்றையும் பேச விவாதம் முடியும்வரை காத்திருக்க முடியாது.

ஒரு வானொலி நிலையம் தனியாக இதைச் சுமக்கவும் முடியாது. மாதம் ஒருமுறை அரசு மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவர் ஒருவர் அரை மணி நேரம் வந்து உட்கார மாவட்டச் சுகாதாரத் துறை அனுமதி தந்தால், நிலையத்துக்குத் துணிவு வரும். சட்டப்பணிகள் ஆணைக்குழு ஒரு வழக்கறிஞரை அனுப்பலாம். திருப்பூர், ஓசூர் போன்ற ஊர்களில் ஒடியாவும் இந்தியும் பேசும் தொழிலாளப் பெண்களுக்கு அவர்கள் மொழியிலேயே பத்து நிமிடம் ஒதுக்கலாம். ஊராட்சித் தலைவர்களாகப் பெண்கள் இருக்கும் ஊர்களில், கிராம சபையன்று ஒலிபெருக்கியில் இந்த நிகழ்ச்சியை ஒருமுறை ஒலிக்கவிட அவர்களால் முடியும். ஆண்கள் பங்கு என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? குடும்பக்கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சையைப் பாதிக்கு மேற்பட்ட மணமான பெண்கள் செய்துகொண்டிருக்கும் மாநிலத்தில், அதைச் செய்துகொண்ட ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. கரு உண்டானதில் பாதிப் பொறுப்புள்ளவர் பேச்சில் கால் பங்காவது எடுத்துக்கொள்ளக் கூடாதா?

மூன்று வாரம் கழித்து அந்த இளம்பெண் எழுதிய நிகழ்ச்சிப் பிரதியை எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்த ஊருக்குப் போனோம். அம்மாளின் கதையை வேறொருவர் படிப்பதாக ஏற்பாடு. ஊர், வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் மாற்றியாயிற்று. வாசித்துக் காட்டினோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். 'மூன்றாவது கலைந்துவிட்டது' என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "கலைச்சேன்னு எழுது பாப்பா" என்றார்.

எழுதினோம். இது பெண்கள் நிகழ்ச்சி, வேலை முடிந்து ஓய்வாக இருக்கும் மத்தியானம் இரண்டு மணிக்கு வரும் என்று இளம்பெண் சொன்னார். அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை.

"மத்தியானம் வேணாம். ராத்திரி எட்டு மணிக்குப் போடுங்க. ஆம்பளைங்க சாப்பிட உட்காருற நேரம்."